சத்தம் போடாத ஏசி

"கொலையா, களவா?" என்று கேட்டாள் றுஸ்தா, பேனா மூடியைக் கழற்றிக்கொண்டு.

"ரெண்டுமில்ல. ஏசி" என்றான் மிஹ்லார்.

றுஸ்தா மூடியைத் திரும்பப் போட்டாள்.

கல்முனைக் கடைத்தெருவில் ஒரு பேக்கரிக்கு மேல்மாடியில் இருந்தது நளீரின் துப்பறியும் அலுவலகம். கீழே பாண் வேகும்போதெல்லாம் மேலே ஆட்களும் சேர்ந்து வெந்தார்கள். நளீர் முன்பு வாகனக் காப்புறுதிக் கம்பனி ஒன்றுக்காக விபத்து விசாரித்தவர். நசுங்கிய பம்பரைப் பார்த்தே சாரதி சொல்வது மெய்யா பொய்யா என்று சொல்லிவிடுவார். றுஸ்தா அவருடைய ராத்தாவின், அதாவது மூத்த சகோதரியின், மகள். வங்கிக் கவுண்டரில் இருந்தவள்; அவளுடைய வாய் காரணமாக வங்கியும் அவளும் நல்ல மனதோடு பிரிந்தார்கள். வங்கிக்குத்தான் நல்ல மனது கொஞ்சம் கூட.

"ஏசி என்ன செய்திச்சி? யாரையும் குத்திச்சா?" என்றாள் அவள்.

"என்னத்தான் குத்திச்சி ராத்தா" என்றான் மிஹ்லார். ஏசி பூட்டும் தொழில்காரன் அவன். வியர்வையில் நனைந்த சேட்டும் தூங்காத கண்ணுமாக இருந்தான். "நிந்தவூர் ஹமீட் ஹாஜியாரத் தெரியும்தானே? பள்ளிவாசல் நிர்வாகத்துல இரிக்காரு. பள்ளிக்கு ஏசி பூட்டப் போறாங்க, வேலய எனக்குத் தாறதாத்தான் கதை. அதுக்கு முந்தி என்ட வீட்டுல ஒண்டு பூட்டிக் காட்டு, பாப்பம் எண்டாரு. அவர்ர அறையில ஒரு பழைய ஜன்னல் ஏசி. சுவர ஓட்ட போட்டு வெச்ச பெட்டி. ஓடினா நெல்லு மில்லுத்தான். அதக் கழட்டிப் போட்டு ஸ்பிளிட் பூட்டினன். உள்ளுக்கு ஒரு யூனிட், வெளிய ஒரு யூனிட், நடுவால மெல்லிய பைப். மூச்சுச் சத்தம் கூட இல்ல."

"பொறகென்ன குறை?" என்றார் நளீர்.

"மறுநாளே சுவரால தண்ணி வழியுது! போய்ப் பார்த்தா, தண்ணி வடியிற பைப்புக்குள்ள கறுப்பா, தார் மாதிரி ஏதோ அடைச்சிக் கிடக்கு. துப்புரவாக்கிட்டு வந்தன். அதுக்குப் புறகு ஒவ்வொரு நாளும் பகல்ல ட்ரிப் சுவிட்ச் விழுந்து ஏசி நிக்கிது. நான் போனா நல்லா ஓடுது. திரும்பி வந்தா நிக்கிது. உன்ட வயரிங் பிழை எண்டு ஹாஜியார் சத்தம் போடுறாரு. வல்லாஹி, என்ட வேலயில பிழை இல்ல நளீர் காக்கா. நாளைக்கு ஜும்ஆவுக்குப் புறகு நிர்வாகக் கூட்டம். மிஹ்லார்ர வேல சரியில்ல எண்டு அவரு ஒரு வார்த்த சொன்னாப் போதும். பள்ளி வேலய விடுங்க, பாலமுனை வரைக்கும் ஒருத்தனும் என்னக் கூப்பிட்டு ஒரு ஃபேன் கூடப் பூட்டமாட்டான்."

அவன் குரல் கடைசியில் உடைந்தது. றுஸ்தா மூடியைத் திரும்பக் கழற்றினாள்.

"யாரிலயும் சந்தேகமா?" என்றார் நளீர்.

"வேற யாரு? பக்கத்து வீட்டு நூஹு காக்காதான். ஹாஜியார்ர சகலன். ரெண்டு பேர்ர பொண்டாட்டிமாரும் கூடப்பிறந்தவங்க. பழைய ஏசிட தண்ணியும் சூட்டுக்காத்தும் தன்ட வளவுக்குள்ள வருகுதெண்டு நூஹு காக்கா சண்டை. நான் மௌத்தாகும் வரைக்கும் அந்தப் பெட்டி அங்கதான் எண்டு ஹாஜியார் பள்ளியில வெச்சே சொல்லிட்டாரு. இப்ப பள்ளிட பேரச் சொல்லித்தான் கழட்ட விட்டாரு. நடு மதிலையும் உயத்தியாச்சி. பொண்டாட்டிமாரும் கதைக்கப்படாதெண்டு ரெண்டு வீட்டிலயும் கட்டளை. நாலு வருஷமாச்சி."

"நாலு வருஷமா ராத்தாவும் தங்கச்சியும் கதைக்கல்லையா?" என்றாள் றுஸ்தா. "நான் நாலு நிமிஷம் கதைக்காட்டி உம்மா டொக்டரக் கூப்பிட்டிருவா."

நளீர் எழுந்து தொப்பியை எடுத்தார். "ஸ்கூட்டிய எடு."

"மாமா, நம்மட ஆஃபிசுக்கே ஏசி இல்ல. நமக்கேன் இந்தக் கேஸ்?"

"அதாலதான் எடுத்தன். விசாரிக்கிற வரைக்குமாச்சும் குளிருல இரிக்கலாம்."

"அது ஓடுதில்ல எண்டுதானே விசாரணையே!"

நளீர் அதைக் காதில் வாங்காதவராகப் படியிறங்கினார்.

சாய்ந்தமருதையும் காரைதீவையும் தாண்டி அவர்கள் நிந்தவூருக்குள் நுழைந்தபோது வெயில் தார் வீதியை உருக்கிக்கொண்டிருந்தது. பிரதான வீதியிலிருந்து கடல் பக்கமாகத் திரும்பும் ஒழுங்கையில் இரண்டு வீடுகள் தோளோடு தோள் நின்றன. இரண்டுக்கும் ஒரே மாதிரி முகப்பு. நடுவில் மட்டும் பிறகு உயர்த்திய மதில். உயர்த்திய பகுதிக்குச் சாந்து பூசக்கூட இரண்டு பேருக்கும் பொறுமை இருக்கவில்லை.

இந்தக் கரையில் வீடு பெண் பிள்ளைக்குத்தான். வாப்பா தன் வளவைத் துண்டு போட்டு மகள்மாருக்குப் பக்கத்தில் பக்கத்தில் வீடு கட்டிக் கொடுப்பார். மாப்பிள்ளை உடுப்புப் பெட்டியோடு வந்து சேருவார். சில வருடம் போனால், அந்த வீட்டைத் தன் வாப்பாதான் கட்டியது என்ற மாதிரிக் கதைப்பார். ஹமீட் ஹாஜியாரும் நூஹுவும் அந்தப் பருவத்தை எட்டி வெகுகாலமாகிறது.

ஹாஜியார் வாசலில் நின்றார். நல்ல உயரம், நல்ல அகலம். கனைத்துவிட்டுத்தான் எந்த வார்த்தையையும் வெளியே விடுவார்.

"ம்ம்க்கும். மிஹ்லார்ர வேலய மிஹ்லார்ர ஆளே வந்து பார்க்கிறதா?"

"நான் ஏசிட ஆள், ஹாஜியார்" என்றார் நளீர். "அதுட பக்க நியாயத்தையும் ஒருக்காக் கேக்கணும்தானே."

முதலில் வெளிப்பக்கம். வீட்டுக்கும் மதிலுக்கும் நடுவே ஒடுங்கிய சந்து. சுவரில் புது வெளி யூனிட் வெள்ளை வெளேரென்று இருந்தது. அதன் பக்கத்தில், பழைய பெட்டி இருந்த ஓட்டையை மிஹ்லார் பலகையால் மூடியிருந்தான். கீழே வாழையடியில் வந்து முடிந்தது தண்ணீர்க் குழாய். நளீர் அதன் வாயருகே குந்தினார். குழாய்க்குள் எறும்புகள் வரிசையாகப் போய்க்கொண்டிருந்தன. வெளியே வந்தவை எல்லாம் திருப்தியோடு வந்தன.

"மிஹ்லார் இதுக்குள்ளால எடுத்தது தாரா இரிக்குமா?" என்றார் நளீர் மெதுவாக.

"தார் தின்னுற எறும்ப நான் நிந்தவூர்லயும் கண்டதில்ல" என்றாள் றுஸ்தா.

சந்தின் மூலையில், தறப்பாள் போர்த்து, கல் வைத்துக் கட்டப்பட்டிருந்தது பழைய ஏசி. மழையில்லாத காலத்தில் யாரோ அதற்கு மழைக்கோட்டு மாட்டியிருந்தார்கள்.

"இரும்புக்காரன் ரெண்டு தரம் வந்தான்" என்றார் ஹாஜியார் பின்னாலிருந்து. "ரெண்டு தரமும் இவ திருப்பி அனுப்பிட்டா. என்னத்துக்கு எண்டு அல்லாஹ்வுக்குத்தான் தெரியும்."

பிறகு உள்ளே. ஹாஜியாரின் அறையில் புது யூனிட் சுவரின் உச்சியில் வாய் திறக்காமல் தொங்கியது. ட்ரிப் சுவிட்ச் பெட்டி கதவுக்கு மேலே. நளீர் எம்பித்தான் அதைத் தொட்டார். கட்டில் கடல் பக்கச் சுவரோடு ஒட்டிக் கிடந்தது. தலையணை, மூடிய ஓட்டைக்கு நேர் கீழே. பலகையில் மூன்று மூலைக்குத்தான் ஆணி இருந்தது. நளீர் கட்டிலைப் பார்த்தபடி நின்றார், தலையை ஒரு பக்கம் சாய்த்து. பம்பர் பார்க்கும் பார்வை அது என்று றுஸ்தாவுக்குத் தெரியும். ஆனால் கட்டிலில் நசுங்கல் எதுவும் அவள் கண்ணுக்குப் படவில்லை.

கூடத்தில் பிளேன்டீயும் தொதலும் வந்தன. கொண்டுவந்தவ ஹாஜியாரின் மனைவி ஆசியா உம்மா. ஹாஜியாரின் நெஞ்சளவுக்குத்தான் உயரம். முக்காட்டுக்குள் கண்கள் மட்டும் துருதுருவென்று இருந்தன.

"எடுங்க தம்பி. கொஞ்சம் அடிப்பிடிச்சிட்டு. கிண்டக் கை மாத்த ஆளில்ல."

அரிசிமாவும் தேங்காய்ப்பாலும் சீனியும் சேர்த்துக் கிண்டிய தொதல் கறுப்பாக, நெய் மினுங்க, பிசுபிசுவென்று இருந்தது. நளீர் ஒரு துண்டை வாயில் போட்டார். இன்னொன்றை விரல்களுக்கிடையில் உருட்டிப் பார்த்தார். உருட்டிய அளவு, ஒரு குழாய்க்குச் சரியாக இருக்கும் போலிருந்தது. றுஸ்தா அவரைப் பார்த்தாள். அவர் அதையும் தின்றுவிட்டார்.

அடுத்தது நூஹுவின் வீடு. மெலிந்த மனிதர், கதிரையில் கண் சிவந்து உட்கார்ந்திருந்தார். உள்ளே இருந்து ஒரு பெண் குரல் நிற்காமல் வந்துகொண்டிருந்தது. சல்மா உம்மா, ஆசியா உம்மாவின் தங்கை. மீன் விலை, மருதமுனையில் வாங்கிய சாரியின் கரை, அயலாரின் கலியாணத்தில் பிரியாணிக்கு உப்பில்லாதது, எல்லாம் ஒரே மூச்சில் வந்தன. ஒவ்வொன்றின் முடிவிலும், "நான் சொல்றது கேக்குதா?" என்று ஒரு சோதனை.

"கேக்குது" என்றார் நூஹு ஒவ்வொரு தரமும், தூக்கத்தில் பேசுகிறவர் போல.

"ஹாஜியார்ர புது ஏசி பழுதாகுதாமே காக்கா" என்றார் நளீர்.

"நான் ஏன் தம்பி அத ஒடைக்க? அந்தப் பழைய பெட்டி போகட்டும் எண்டு நாலு வருஷமா துஆக் கேட்டவன் நான். அது போனது எனக்குப் பெருநாள்."

பெருநாள் கொண்டாடுகிற முகமாக அது இல்லை. நளீர் அதைக் கேட்க வாயெடுத்தபோது, உள்ளிருந்து ஒரு தட்டு வந்தது. தட்டில் தொதல். றுஸ்தா ஒன்றை எடுத்துக் கடித்தாள். கடித்த வாய் அப்படியே நின்றது.

"நீங்களா கிண்டின மாமி?" என்று உள்ளே பார்த்துக் கேட்டாள்.

"ஓம் மகள், நானேதான். கொஞ்சம் அடிப்பிடிச்சிட்டு. கை மாத்த ஆளில்ல."

வெளியே வந்ததும் றுஸ்தா மாமாவின் சேட்டைப் பிடித்து இழுத்தாள். "நாலு வருஷமாக் கதைக்காத ரெண்டு வீடு. ஒரே நாள்ல, ஒரே சட்டிய, ஒரே மாதிரிக் கருக்கியிரிக்கி. கை மாத்த ஆளில்லாதது கூட ஒரே மாதிரி!"

"தொதல் ஒத்த ஆள் கிண்டுற சாமான் இல்ல" என்றார் நளீர். "நாம ஆம்பிளையளின்ட சண்டையப் பார்த்து ஆம்பிளையளத் தேடினம். ஆனா மதிலுக்கு ரெண்டு பக்கமும் வளவு யாருட?"

நண்பகல் லுஹர் தொழுதுவிட்டு அவர்கள் திரும்பி வந்தபோது ஹாஜியார் சாப்பிட்டுவிட்டு அறைக்கதவைச் சாத்தியிருந்தார். ஒழுங்கையில் ஒரு காகம் கூட இல்லை. நளீர் வாழையடியில் நின்றுகொள்ள, றுஸ்தா சந்துக்குள் பூனை நடை நடந்தாள். பழைய பெட்டி இருந்த ஓட்டைக்கு நேர் எதிரே, மதிலோரம் ஒரு பிளாஸ்டிக் கதிரை. கதிரையில் உட்கார்ந்தால் வாய் வரும் உயரத்தில், மதிலில் ஒரு கல் மட்டும் தனியாக நின்றது. றுஸ்தா அதை இழுத்தாள். கல் பழகிய கல்லாக, சத்தமில்லாமல் வந்தது.

மறுபக்கத்தில் ஒரு கண் இருந்தது.

"ராத்தா, இண்டைக்காச்சும் வந்தாயா? மெதுவாக் கதைகா" என்றது கண்.

"நான் ராத்தா இல்ல மாமி. நான் துப்பறியிற புள்ள."

கண் மறைந்தது. "அல்லாஹ்வே!" என்று ஒரு கதிரை விழுகிற சத்தம் கேட்டது. அதே நேரம் குசினிப் பக்கமாக வந்த ஆசியா உம்மா, கையில் வெற்றிலைத் தட்டத்தோடு அப்படியே நின்றுவிட்டா. தட்டத்தில் வெற்றிலை இரண்டு பேருக்கு மடித்திருந்தது.

"அவருக்குச் சொல்லாதகா மகள்" என்றா. "உன்ட கையப் புடிச்சிக் கேக்கன்."

கதை முழுவதும் அந்தக் கல் ஓட்டைக்கு இரண்டு பக்கமும் நின்று சொல்லப்பட்டது. ஆசியா உம்மா தொடங்க, சல்மா உம்மா முடிப்பா. நாலு வருடமாக, ஹாஜியார் பகல் தூக்கத்துக்குப் போய் அந்தப் பெட்டியைப் போட்டதும், இரண்டு பேரும் மதிலடிக்கு வந்துவிடுவார்கள். பெட்டி போடுகிற சத்தத்தில் உள்ளே ஒன்றும் கேளாது. வெற்றிலை இந்தப் பக்கத்திலிருந்து போகும். பாக்கு அந்தப் பக்கத்திலிருந்து வரும். சட்டி பெரிதாக இருந்தால் நூஹு கடைக்குப் போன நேரம் பார்த்துச் சல்மா உம்மாவின் குசினியில் சேர்ந்து கிண்டுவார்கள். சண்டைக்குக் காரணமான பெட்டிதான் இந்தப் பெண்களுக்குக் காவலும்.

"புது மெஷின் பூட்டின அண்டைக்கும் வழமை மாதிரி வந்து கதைச்சம்" என்றா சல்மா உம்மா. "சத்தத்துக்கு மேலால கத்திக் கத்திக் கதைச்சிப் பழகின வாயல்லவா. கொஞ்ச நேரத்தாலதான் எனக்கு விளங்கிச்சி, ராத்தா சொல்றது கிணத்தடி வரைக்கும் கேக்குதெண்டு. நடுங்கிட்டன்."

"அப்பதான் குழாய அடைச்சயளோ?" என்றாள் றுஸ்தா.

"கையில அதுதான் இரிந்திச்சி" என்றா ஆசியா உம்மா வெட்கத்தோடு. "இது சரிவராது, பழையதையே பூட்டுவம் எண்டு அவரு சொல்லட்டும் எண்டுதான். மிஹ்லாருக்கு வினை வரும் எண்டு நினைக்கல்ல மகள்."

"சரி, ட்ரிப் சுவிட்ச ஒவ்வொரு நாளும் ஏன் விழுத்தினயள்?"

"கரண்டா? வல்லாஹி நான் தொடல்ல! எனக்குக் கரண்டுக்குப் பயம். அதுவும் அது எங்க, நான் எங்க."

றுஸ்தா ஆசியா உம்மாவின் உயரத்தைப் பார்த்தாள். அந்தச் சுவிட்சைத் தொட இவ ஏணியோடுதான் வரவேண்டும். நூஹு அந்த வீட்டுக்குள் கால் வைத்தே நாலு வருடம். அவள் வாழையடிக்குத் திரும்பினாள்.

"மாமா, தொதல் கேஸ் முடிஞ்சிது. ஆனா சுவிட்சுக்கு ஆளில்ல."

"ஆள் இரிக்கி" என்றார் நளீர். "கட்டில்ல படுத்திருக்காரு. நீ கட்டிலப் பார்த்தாயா?"

"பார்த்தன். மெத்த நல்லதுதான்."

"கடல் பக்கம் தலையணை. அப்ப கால் எந்தப் பக்கம்?"

றுஸ்தா கையால் திசை பிடித்துப் பார்த்தாள். கடல் கிழக்கே. கால் மேற்கே. தொழும்போது முகம் திருப்பும் கிப்லா இருக்கிற பக்கம். அவளுடைய வாய், வங்கியால் மூட முடியாத அந்த வாய், தானாக மூடியது.

"பச்சப் புள்ள கூட இந்த ஊர்ல கிப்லாப் பக்கம் கால் நீட்டாது" என்றார் நளீர். "பள்ளி நிர்வாகத்துல இரிக்கிற ஹாஜியார் கட்டிலத் திருப்பிப் போட்டு நீட்டுறாரு. அப்ப அந்தச் சுவருக்குக் காத வைக்க அவருக்கு எவ்வளவு தேவை இரிந்திரிக்கணும்! வா."

நளீர் கதவைத் தட்டிவிட்டுப் பதில் வருமுன் திறந்தார். அறைக்குள் புழுக்கம் முகத்தில் அடித்தது. ஏசி நின்றிருந்தது. ஹமீட் ஹாஜியார் கட்டிலில் முழங்காலூன்றி, பலகையில் ஆணி இல்லாத மூலையில் காதை வைத்திருந்தார். முதுகெல்லாம் வியர்வை.

"ம்ம்க்கும்" என்றார் அவர்.

"நாலாவது ஆணி எங்க ஹாஜியார்?"

அவர் பனியனுக்குள் தொங்கிய சாவிக் கொத்தோடு அந்த ஆணியையும் எடுத்து நீட்டினார். பிறகு கட்டிலில் உட்கார்ந்தார். அவ்வளவு பெரிய உடம்பு திடீரென்று சுருங்கிவிட்டது.

"எப்ப விளங்கிச்சி உங்களுக்கு?" என்றார் நளீர்.

"புது ஏசி பூட்டின அண்டைக்கு. கண்ண மூடிட்டுப் படுத்திருந்தன். சத்தமே இல்ல. அப்ப வெளிய ஆரோ என்ன மாதிரிக் கனைக்கிது. என்னடா இது, நான் இஞ்ச கிடக்கன், நானே வெளிய கனைக்கனா எண்டு எழும்பினன். ஆசியா! நான் கூட்டத்துல எப்படிக் கனைச்சிட்டுக் கதைப்பன் எண்டு தங்கச்சிக்கு நடிச்சிக் காட்டுறா." அவர் தரையைப் பார்த்தார். "ரெண்டு பேரும் சிரிச்சாங்க. தம்பி, அவ அப்படிச் சிரிப்பா எண்டு எனக்கு மறந்தே போயிட்டு. என்ட முன்னால நாலு வருஷமா அவ சிரிக்கல்ல."

றுஸ்தாவுக்கு ஒரு பகிடி வந்தது. அவள் அதை விழுங்கிவிட்டாள்.

"மறுநாள் காத வெச்சன். ஒண்டும் இல்ல. நேத்தும் இல்ல. இந்தப் புது மெஷினுக்குப் பயந்து அவ மதிலடிக்கு வாறதில்ல. அது பழுதெண்டா பழையது வரும், பழையது வந்தா அவ வருவா. அதான் சுவிட்ச விழுத்தினன்."

"கதவத் திறந்து, போய்த் தங்கச்சியோட கதை எண்டு சொன்னா முடிஞ்சிதே!"

"எப்படிச் சொல்ற? ஊருக்கு முன்னால சொன்ன வார்த்த. நூஹு முதல்ல வரட்டும்."

நளீருக்குக் கோபம் வந்தது. அவருக்கு அது வருடத்துக்கு ஒரு முறை வருவது. வந்தால் குரல் உயராது, தாழும். "உங்கட வீம்பு உங்களோட. அதுக்கு மிஹ்லார்ர சோத்துல ஏன் மண்ணப் போடுறயள்? ஒரு பிழையும் செய்யாதவன். மூணு நாளாத் தூங்காம உங்கட வயரத் தடவித் தடவிப் பார்த்துட்டுத் திரியிறான். பள்ளியில ஏசி பூட்ட நியாயம் பார்க்கிற ஆள் செய்யிற வேலையா இது?"

ஹாஜியார் நிமிரவில்லை. கனைக்கவும் இல்லை. "பிழைதான்" என்றார். "நான் இப்ப என்ன செய்ய? சொல்லுங்க."

"நாளைக்குக் கூட்டத்துல மிஹ்லார்ர வேல முதல்தரம் எண்டு எல்லாருக்கும் கேக்கச் சொல்றயள். முதல்ல கட்டிலத் திருப்புங்க. பழைய பெட்டி திரும்ப அதே ஓட்டைக்குள்ள வரும். குளிருக்கு ஸ்பிளிட். சத்தத்துக்கு அது."

"ஆக்கள் கேட்டா என்ன காரணம் சொல்ற?"

"காத்தோட்டம்!" என்றாள் றுஸ்தா. "காத்தோட்டம் எண்டா ஒருத்தனும் எதிர்த்துக் கேக்கமாட்டான்."

நளீர் வாசலில் ஒரு கணம் நின்றார். "ஆனா ஹாஜியார், அந்தப் பெட்டி ஓடினா உங்களுக்கு ஒண்டும் கேக்காதே. அவ சிரிக்கிறதும் கேக்காது."

"கேக்காட்டி என்ன?" என்றார் ஹமீட் ஹாஜியார். "சிரிக்கிறா எண்டு தெரியும்தானே."

வெள்ளிக்கிழமை கூட்டத்தில் ஹாஜியார் மூன்று தரம் கனைத்துவிட்டு எழுந்தார். மிஹ்லாரின் வேலையில் குறை தேடித் தேடிக் களைத்துப் போனதாகவும், ட்ரிப் சுவிட்ச் விழுந்தது தன் வீட்டுக் குறைதான் என்றும் சொன்னார். பள்ளி வேலை மிஹ்லாருக்கு என்று முடிவாகி, வாசலில் செருப்பைத் தேடுகிற நேரத்துக்குள் வேறு இரண்டு வீட்டாரும் அவனுடைய நம்பரை வாங்கிக்கொண்டார்கள்.

பின்னேர அஸர் தொழுகைக்கு முன்பே அவன் பழைய பெட்டியை ஓட்டையில் ஏற்றினான். குளிர் வெளியே போகாமல் சுற்றிவர அடைத்து, உள்ளே விசிறியை மட்டும் ஓட விட்டான். பெட்டி உறுமியது. றுஸ்தா காதைக் கொடுத்துப் பார்த்தாள்.

"காணாது. முந்தி இதவிடக் கூடவாமே."

மிஹ்லார் வேதனையோடு ஒரு ஆணியை இளக்கினான். பெட்டி உடம்பெல்லாம் நடுங்கிக்கொண்டு அலறியது. "இவ்வளவு காலத் தொழில்ல" என்றான், "சத்தத்தக் கூட்டித் தா எண்டு ஒருத்தரும் என்னட்டக் கேட்டதில்ல."

ஆசியா உம்மா வெற்றிலைத் தட்டத்தோடு குசினிக் கதவைக் கடந்து போனா. போகிற போக்கில் றுஸ்தாவின் கையில் ஒரு பொட்டலம் வைத்தா. திறக்காமலே அது தொதல் என்று தெரிந்தது.

ஒழுங்கை முனையில் அவர்கள் மூவரையும் மறித்தார் நூஹு. வேலியோரம் ஒதுங்கி நின்று, இரண்டு பக்கமும் பார்த்துக்கொண்டார்.

"பெட்டியத் திரும்பப் பூட்டியாச்சா?"

"ஓம் காக்கா" என்றார் நளீர். "உங்களுக்கு முறைப்பாடா?"

"அல்ஹம்துலில்லாஹ்!" என்று நெஞ்சில் கை வைத்தார் நூஹு. "இந்த நாளெல்லாம் அவ முழுக் கதையும் என்னோடதான் கதைச்சா தம்பி. விடியத் தொடங்கினா படுக்கும் வரைக்கும். என்ட உயிர் போயிட்டு." அவர் மிஹ்லாரின் தோளைப் பிடித்தார். "மகன், அந்தப் பெட்டி எப்பயாச்சும் நிண்டா உடனே ஓடி வந்து திருத்து. சாமான் என்ன வேணுமெண்டாலும் எனக்கிட்டச் சொல்லு. ஹமீட்டுக்கு மட்டும் மூச்சு விடாத."

"அப்ப நாலு வருஷமா உங்களுக்கும் தெரியுமா?" என்றாள் றுஸ்தா, வாய் பிளந்து.

"தொதல் என்ட குசினியில கிண்டினா எனக்கு மணக்காதா புள்ள?"

சொல்லிவிட்டு அவர் தன் வீட்டுப் படலை வரை நடந்தார். அங்கே நின்று, இடுப்பில் கை வைத்து, ஊருக்கே கேட்கிற மாதிரிக் கத்தினார்:

"என்னடா இது சத்தம்! மனிசன் குடியிருக்கிறதா இல்லையா?"

"விருப்பமில்லாட்டிக் காதப் பொத்து!" என்று உள்ளேயிருந்து ஹாஜியாரின் குரல் இடித்தது.

சந்துக்குள், பெட்டியின் அலறலுக்கு அடியில், ஒரு பெண் கனைத்தாள். இன்னொருத்தி சிரித்தாள். நூஹு அதைக் கேட்டுவிட்டு, திருப்தியோடு உள்ளே போய்க் கதிரையில் சாய்ந்து கண்ணை மூடினார்.